விலை விழுந்த வீடும் வாடகைக் குடித்தனமும்

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பழகிவந்த பழமொழி. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு அது மந்திரம் போன்றது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு நாலு சுவர் எழுப்பி, அதன்மேல் ஒரு கூரை போட்ட பின்னரே நம்மவர் நிம்மதியாக மூச்சு விடுவர். அந்த ஆசையில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், வளை அமைந்த ஊரில் தானியம் அற்றுப்போனால் எலி என் செய்யும்? வளையை நினைத்துப் பட்டினி கிடப்பதா, தானியம் உள்ள வயலுக்கு வளையின்றிப் போவதா? இக்கேள்விக்குப் பழமொழியில் விடை இல்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பெரியப்பா மகன் தங்கவயலிலிருந்து மைசூருக்கு வந்திருந்தார். நமக்குத் தம்பி முறை. ஆண்டர்சன்பேட்டையில் சொந்த வீடு. பெங்களூரில் ஒரு கிடங்கில் கணக்கு வேலை. நாள்தோறும் ரயிலிலேயே போய்வருகிறார். மைசூரை அடுத்த ஒரு தொழிற்சாலையில் அவருக்கு இதனினும் நல்ல வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் சேரவேண்டும். மகள் எட்டாம் வகுப்புக்குச் செல்ல இருக்கிறாள். காப்பி குடித்து முடித்ததும் அவர் கேட்டார்: "அண்ணா, வீட்டை விலை பேசினேன். இருபது லட்சம் போகும் என்று நினைத்திருந்தேன். பதினாலுக்கு மேல் யாரும் கேட்கவில்லை. விலை ஏறுகிற வரைக்கும் அங்கேயே இருந்துவிடட்டுமா? அல்லது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து வாடகைக்கு இருக்கட்டுமா?"

இதே கேள்வியை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பத்தில் இருவர் எதிர்கொண்டனர். இருவரும் இருவேறு விடை கண்டனர். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இக்கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் வந்தே தீரும் ஆதலின், இதனைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது என்று கருதி எழுதுகிறோம்.

தங்கவயலின் கதை

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய இடங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அலையலையாகச் சென்று குடியேறின. 1894-இல் மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. நாட்டின் பெரு நகரங்கள் பலவும் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் தங்கவயலில் மின்விளக்கு எரிந்தது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் மத்திய அரசுக்கு மாற்றப்பட்டன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தை ஈந்த அந்தப் பூமி, மூன்று கிலோமீட்டர் ஆழத்திற்கும் கீழே தோண்டப்பட்ட பின் வற்றியது. எடுக்கும் தங்கத்தின் விலையைக் காட்டிலும் எடுக்கும் செலவு மிகுந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

ஓர் ஊரில் ஒரே தொழில் இருந்து, அது ஒரே நாளில் மூடப்பட்டால் வீட்டு விலை என்னவாகும்? விற்க விரும்புவோர் ஆயிரவர். வாங்க விரும்புவோர் இலர். கடைத்தெரு மங்குகிறது, கடைக்காரனும் வீட்டை விற்க முன்வருகிறான். அவ்வாறே தங்கவயலில் நிகழ்ந்தது.

உடன்பிறந்தார் இருவர்

நம் தந்தையாரும் பெரியப்பாவும் சுரங்கத்தில் பணிபுரிந்தவர்கள். தந்தையார் கம்பெனி லைன் வீட்டில் குடியிருந்தார். அவ்வீடு அவருடையதன்று, ஆகவே விற்பதற்கும் ஒன்றுமில்லை. பெரியப்பாவோ 1990-களில் கடன் வாங்கியும், நகை விற்றும், மூன்று லட்சம் ரூபாய் செலவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் வீடு கட்டியிருந்தார். சுரங்கம் மூடிய ஆண்டில் அவ்வீட்டிற்கு ஒருவர் ஒன்றரை லட்சம் தருவதாகக் கேட்டார். "மூன்று லட்சம் போட்டது. மூன்று லட்சம் வந்தால் ஊரை விட்டு வருகிறேன், இல்லையேல் வரமாட்டேன்" என்றார் பெரியப்பா.

தந்தையார் 2001 ஜூன் மாதத்தில் மைசூர் வந்து நரசிம்மராஜ மொகல்லாவில் ஒரு ஒட்டுக் குடித்தனத்தில் புகுந்தார். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, மூன்று குடும்பத்திற்குப் பொதுவான குழாய். மாத வாடகை 700 ரூபாய். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை. ஆறு ஆண்டுகளில் நான்கு வீடு மாறினோம். இரண்டு முறை பள்ளி மாறினோம். ஒரு வீட்டுக்காரர் வெள்ளையடித்த கணக்கு, கதவு பழுதான கணக்கு என்று சொல்லி, முன்பணத்தில் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமையால் தந்தையார் வாய் பேசாது வெளியேறினார். வாடகைக் குடித்தனம் இனிப்பானது என்று நாம் சொல்ல வரவில்லை.

பெரியப்பா தங்கவயலிலேயே தங்கினார். பெங்களூரில் காவற்காரர் வேலை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புவார். பதினோர் ஆண்டுகள் தம் பிள்ளைகளை ஞாயிறு தவிர ஏனைய நாட்களில் உறங்கும் முகத்தோடு மட்டுமே கண்டார். 2003-இல் மைசூரில் மேற்பார்வையாளர் வேலை ஒன்றைத் தந்தையார் அவருக்காகப் பேசி வைத்தார். "வீடு விலை போகவில்லையே" என்று சொல்லி அதையும் அவர் தவிர்த்தார்.

2012-இல் அந்த மூன்று லட்சம் விலை வந்தது. ஆயினும் பதினோர் ஆண்டுகளில் நாட்டில் விலைவாசி ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. 2012-இன் மூன்று லட்சம் 2001-இன் ஒன்றரை லட்சத்திற்கே சமம். எந்த விலையை வேண்டாம் என்று தள்ளினாரோ, அதே விலைக்காகவே அவர் பதினோர் ஆண்டுகள் காத்திருந்தார். அதற்குள் அது இன்னும் ஏறும் என்ற எண்ணம் தோன்றவே, அப்போதும் அவர் விற்கவில்லை.

நேர்மையாகச் சொல்லவேண்டுமாயின், அத்தனை ஆண்டும் அவர் வாடகை கொடுக்கவில்லை. அந்த மிச்சம் உண்டு. இன்று அவர் மகனுக்கு ஒரு வீடு இருக்கிறது. நம் தந்தையார் இறுதிவரை சொந்த வீடு காணாமலே மறைந்தார். எனவே, ஒருவர் அறிவாளி, மற்றவர் பேதை என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. பெரியப்பா தங்கியதில் பிழையில்லை. தங்குவதா பெயர்வதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை, வீட்டின் விலையிடம் ஒப்படைத்ததே பிழை.

விலை வீழ்ச்சி மூவகை

வீட்டு விலை இறங்கும்போதெல்லாம் ஒரே காரணம் இருப்பதில்லை. காரணம் வேறாயின், காத்திருப்பதன் பயனும் வேறாகும்.

முதலாவது, கடனால் வரும் வீழ்ச்சி. அமெரிக்காவில் தகுதி பாராது கடன் கொடுத்ததால் வீட்டு விலை ஏறி, 2006-க்குப் பின் சரிந்தது. 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரும் நிறுவனம் திவாலாயிற்று. 2012-க்குள் அந்நாட்டில் வீட்டு விலை சராசரியாகக் கால் பங்குக்கு மேல் குறைந்தது. கடனுள்ள வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, வீட்டின் மதிப்பைவிடக் கடன் மிகுந்த நிலைக்குச் சென்றது. அத்தகையோர் வேறூரில் வேலை கிடைத்தும் வீட்டை விற்றுக் கடனை அடைக்க இயலாமல் சிறைப்பட்டனர். எனினும் ஊரும் தொழிலும் இருந்தமையால், பெரும்பாலான இடங்களில் விலை சில ஆண்டுகளில் மீண்டது.

இரண்டாவது, திடீர் இடையூறால் வரும் வீழ்ச்சி. 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் முழு அடைப்பு ஏற்பட்டபோது, பெங்களூரில் கணினித் துறையினர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொந்த ஊர் திரும்பினர். எங்கு நோக்கினும் வாடகைப் பலகைகள் தொங்கின, வாடகையும் இறங்கியது. 2022-இல் அலுவலகங்கள் மீண்டும் அழைத்ததும் வாடகை முன்னினும் மேலே ஏறிற்று. இத்தகைய வீழ்ச்சி குறுகிய காலத்தது.

மூன்றாவது, ஊரின் தொழிலே அற்றுப்போவதால் வரும் வீழ்ச்சி. தங்கவயல் இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு தொழில் மூடுவது எவ்வூருக்கும் நேரக்கூடியதே. நம் மைசூரிலும் 1961 முதல் மோட்டார் சைக்கிள் உற்பத்தி செய்துவந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. ஆனால் மைசூரில் வேறு ஆலைகள், ரயில்வே பணிமனை, கல்லூரிகள், மருத்துவமனைகள், சுற்றுலா எனப் பல தூண்கள் இருந்தமையால் ஒரு தூண் சாய்ந்தும் ஊர் சாயவில்லை. ஒற்றைத் தூண் ஊரில் விலை மீள்வது எக்காலத்திலோ.

ஆகவே விலை இறங்கியதைக் கண்டவுடன் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி: 'இது எவ்வகை வீழ்ச்சி?' முதலிரண்டு வகையாயின் பொறுமைக்குப் பொருள் உண்டு. மூன்றாம் வகையாயின் புதிய தொழில் வரும் அறிகுறி கண்ணுக்குத் தெரிந்தாலன்றிப் பொறுமை வெறும் ஏக்கமாகவே முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொழில் போன ஊரில் விலை இறங்கும்போது, தொழில் போய்ச் சேர்ந்த ஊரில் வாடகை ஏறுகிறது. விற்கும் இடத்தில் நஷ்டம், குடியேறும் இடத்தில் செலவு என இருபுறமும் அடி விழுகிறது. ஆதலால்தான் இம்முடிவு அத்தனை கசப்பாக இருக்கிறது.

வைத்திருப்பது வேறு, குடியிருப்பது வேறு

தம்பியின் கேள்வியை நாம் இரண்டாகப் பிரித்தோம். வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்பது ஒன்று. குடும்பம் எந்த ஊரில் வாழ்வது என்பது மற்றொன்று. பெரியப்பா இவ்விரண்டையும் ஒன்றாக முடிந்துகொண்டார். முடிச்சை அவிழ்த்தால் வழி தெரிகிறது.

எந்த ஊரில் வாழ்வது என்பதற்கு விடை கூறவேண்டியவை வேலையும், பிள்ளைகளின் படிப்பும், முதியோரின் மருத்துவமும். வீட்டின் விலைக்கு அங்கே வாக்குரிமை இல்லை. போட்ட பணம் போனது. அது நாம் தங்கினாலும் திரும்பாது, பெயர்ந்தாலும் திரும்பாது.

விற்பதா என்ற கேள்விக்குக் காகிதமும் பென்சிலும் வேண்டும். தம்பியின் கணக்கை அவர் இசைவோடு இங்கே தருகிறோம்.

ஆண்டர்சன்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 4,000 ரூபாய் வரும். மைசூரில் இரண்டு அறை வீட்டிற்கு அவர் கொடுக்கவேண்டியது 11,000. வித்தியாசம் 7,000. புதிய வேலையில் சம்பளம் 6,000 கூடுகிறது. ரயில் சீசன் டிக்கெட், பெங்களூரில் பஸ், வெளிச் சாப்பாடு வகையில் மாதம் 2,500 மிச்சம். ஆக வரவு 8,500. முன்பணம் 80,000 ரூபாய் முடங்குவதால் இழக்கும் வட்டி மாதம் ஏறக்குறைய 470. எல்லாம் போக ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் கையில் நிற்கிறது. இது பெருந்தொகையன்று. ஆனால் நாள்தோறும் ரயிலில் கழியும் ஐந்து மணி நேரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. அதற்கு விலை போட நமக்குத் தெரியவில்லை. அவர் மகளுக்குத் தெரியும்.

இனி, வீட்டைப் பதினாலு லட்சத்திற்கு விற்று வங்கியில் 7 சதவிகித வட்டிக்கு வைத்தால் மாதம் ஏறத்தாழ 8,160 ரூபாய் வரும். வாடகையோ 4,000. எனவே விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காக அவர் மாதந்தோறும் 4,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் செலுத்துகிறார் என்பது பொருள். ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000. வீட்டின் விலை ஆண்டுக்கு மூன்றரை சதவிகிதமேனும் ஏறினால்தான் அது சரியாகும். வரியும் பழுதுபார்ப்பும் தனி. பெங்களூர் – சென்னை விரைவுச் சாலை தங்கவயலை ஒட்டிச் செல்வதால் விலை ஏறும் என்று தம்பி நம்புகிறார். அந்த நம்பிக்கை பொய்யாகவேண்டும் என்பதில்லை. ஆனால் சாலை வந்து விலை ஏறுவதற்கு அவர் அந்த வீட்டில் படுத்துறங்க வேண்டிய அவசியம் என்ன? வீடு அங்கே இருக்கட்டும். குடும்பம் இங்கே இருக்கட்டும்.

இவ்விடத்தில் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நலம். கையில் பதினாலு லட்சம் ரொக்கமாக இருந்தால், இன்று அதே வீட்டை வாங்குவோமா? 'வாங்குவோம்' எனின் வைத்திருக்கலாம். 'வாங்க மாட்டோம்' எனின், அதை வைத்திருப்பதும் நாள்தோறும் வாங்குவது போலத்தான்.

மைசூர் வந்ததும் வீடு வாங்கலாமா?

'விற்ற பணத்தில் இங்கே ஒரு வீடு வாங்கிவிட்டால் என்ன?' என்று சிலர் அவசரப்படுவர். ஓர் உதாரணம் கூறுவோம். 60 லட்ச ரூபாய் வீடு. கையிலிருந்து 12 லட்சம், வங்கிக் கடன் 48 லட்சம். எட்டரை சதவிகித வட்டியில் இருபது ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 41,650 ரூபாய். முதல் மாதத்தில் வட்டி மட்டுமே 34,000. அதே வீட்டை வாடகைக்கு எடுத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று ஆயிரத்தில் முடியும். நம் நகரங்களில் வீட்டின் விலையில் ஆண்டு வாடகை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் தேறுகிறது.

அந்த வீட்டின் விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் 48 லட்சமாகும். கடனும் 48 லட்சம். நம் கையிலிருந்து போட்ட பன்னிரண்டு லட்சம் முழுவதும் கரைந்தது. விலை இறங்கியது ஐந்தில் ஒரு பங்கு. நம் சேமிப்பு இறங்கியதோ முழுப் பங்கு. கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் குணம் இது. ஆதலின் புது ஊரில் வேலை நிலைக்குமா, பள்ளி ஒத்துக்கொள்ளுமா என்று அறியும்வரை இரண்டு ஆண்டேனும் வாடகைக்கு இருப்பதே அறிவுடைமை.

வாடகைக்கு இருப்பதில் இழிவும் இல்லை. சென்னையில் 1906-இல் பிறந்து மைசூரைத் தம் ஊராக்கிக்கொண்ட எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் குடும்பம் இலட்சுமிபுரத்தில் வாடகை வீட்டில் வாழ்ந்தது. அவருடைய முதல் நாவல் 1935-இல் வெளியாயிற்று. யாதவகிரியில் அவர் சொந்த வீட்டில் குடிபுகுந்தது 1950-களில். இன்று நினைவில்லமாக விளங்குவது அந்த யாதவகிரி வீடே. ஆயினும் அவருக்குப் புகழ் தந்த எழுத்துத் தொடங்கியது வாடகை வீட்டில். செல்வத்தில் சிறந்த சுவிட்சர்லாந்து நாட்டில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டிலேயே வாழ்கின்றன. சொந்த வீடு மிகுந்த நாடுகளில், மக்கள் வேலை தேடி எளிதில் பெயர இயலாமையால் வேலையின்மை மிகும் என்று ஆண்ட்ரூ ஆஸ்வால்டு என்னும் ஆங்கிலேயப் பொருளியலார் 1990-களில் எழுதினார். அதனை எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. எனினும் தங்கவயலைக் கண்ட நமக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

குடிவருவோர் கவனத்திற்கு

மைசூர்த் தெருக்களில் 'மனே பாடிகெகே இதெ' என்ற பலகையைக் கண்டு உள்ளே நுழையுமுன் சில செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஒன்று, உடன்படிக்கை. இங்கே பதினோரு மாதப் பத்திரம் எழுதுவதே வழக்கம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்பதே அதன் காரணம். பதினோரு மாதமாயினும் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பன தெளிவாக எழுதப்பட வேண்டும். நம் தந்தையாரிடம் இத்தகைய ஒரு தாள் இருந்திருந்தால் அவர் தலைகுனிந்து வந்திருக்க மாட்டார். குடிபுகும் நாளிலேயே சுவர், கதவு, குழாய்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்று கைபேசியில் எளிது.

இரண்டு, முன்பணம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மத்திய அரசு 2021 ஜூன் 2-இல் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டத்தில், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று உள்ளது. அது மாதிரியே, மாநிலம் சட்டமாக்கினாலன்றி யாரையும் கட்டாது. எனினும் பல பலகைகள் தொங்கும் மந்தக் காலத்தில் பேரம் பேச இடமுண்டு. வாடகையைக் குறைக்கக் கூசும் வீட்டுக்காரரும் முன்பணத்தைக் குறைக்க இசைவர்.

மூன்று, கன்னடத்தில் 'போக்யா' என்றும், நம்மவர் பேச்சில் 'லீசு' என்றும், தமிழ்நாட்டில் 'ஒத்தி' என்றும் வழங்கும் முறை. ஐந்து லட்சம் கொடுத்து மூன்று ஆண்டு வாடகையின்றி இருப்பது. 7 சதவிகித வட்டிப்படி பார்த்தால் மாதம் 2,900 ரூபாய்தான் ஆகிறது, மிக மலிவு. மலிவாக இருப்பதன் காரணத்தை ஆராய வேண்டும். வங்கியில் கடன் கிடைக்காத வீட்டுக்காரருக்கு நாம் வங்கியாகிறோம். அவ்வீடு முன்னரே அடமானத்தில் இருந்தால், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடன் கொடுத்த வங்கி வழக்கின்றியே வீட்டைக் கைப்பற்ற இயலும். நம் ஐந்து லட்சம் நடுத்தெருவில் நிற்கும். விலை இறங்கும் காலத்தில் இந்த ஆபத்து மிகும். ஆதலால் வில்லங்கச் சான்று பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. கர்நாடகப் பதிவுத் துறையின் 'காவேரி' இணையச் சேவை மூலம் அதனைப் பெறலாம். பத்திரத்தையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நான்கு, அரசு ஊழியர்க்குரிய வீட்டு வாடகைப் படி. நாம் ரயில்வேயில் எழுத்தராக இருப்பதால் இக்கணக்கு நம் மேசைக்கு அடிக்கடி வருவது. 7-ஆவது ஊதியக் குழுவின் ஏற்பாட்டில் 2024 ஜனவரி முதல், பெங்களூர் போன்ற முதல் வகை நகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம், மைசூர் போன்ற இரண்டாம் வகையில் 20, ஏனைய ஊர்களில் 10 என்று ஆயிற்று. அடிப்படைச் சம்பளம் 29,200 பெறுபவர்க்கு முறையே 8,760, 5,840, 2,920 ரூபாய். ஊர் மாற்றம் கேட்குமுன் இந்த வித்தியாசத்தை வாடகை வித்தியாசத்தோடு ஒப்பிடல் வேண்டும். ரயில்வே குடியிருப்புக் கிடைத்தால் இந்தப் படி நின்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது.

ஐந்து, பிள்ளைகளின் படிப்பு. 2015-ஆம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி இம்மாநிலப் பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருவோர் பிள்ளைகளுக்கு விடுமுறையிலேயே எழுத்துகளைக் கற்பித்துவிட்டால் ஜூன் மாதத்தில் கண்ணீர் குறையும். வீட்டைப் பார்ப்பதற்கு முன் பள்ளியைப் பாருங்கள். பள்ளிக்கு நடந்து செல்லும் தூரத்தில் வீட்டைத் தேடுங்கள்.

முடிவு

இவ்வளவும் பேசி முடித்தபின் தம்பி சற்று நேரம் மௌனமாக இருந்தார். "அப்பா என்ன சொல்வாரோ?" என்றார். பெரியப்பாவுக்கு இன்று எழுபத்தாறு வயது. அவர் கையாற் சுமந்த கற்களால் எழுந்த வீடு அது. அவரைக் கலக்காமல் முடிவு செய்வது முறையன்று என்று நாமும் கூறினோம்.

அடுத்த ஞாயிறன்று நாம் தங்கவயலுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டார். கணக்குத் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். பின்பு மகனைப் பார்த்து, "நான் இந்த வீட்டுக்குக் காவல் இருந்தேன்டா. நீ உன் பெண்ணுக்குக் காவல் இரு" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி மே மாத இறுதியில் குடும்பத்தோடும் பெரியப்பாவோடும் மைசூர் வருகிறார். ஆண்டர்சன்பேட்டை வீட்டில் பள்ளி ஆசிரியர் ஒருவர் குடிவருகிறார், பத்திரம் எழுதியாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து விலை எப்படி இருப்பினும் விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது என நாள் குறித்திருக்கிறார்கள். நாள் குறியாத காத்திருப்புக்கு எல்லையில்லை என்பதை அக்குடும்பம் நன்கு அறியும்.

குவெம்புநகரிலோ, நரசிம்மராஜ மொகல்லாவிலோ, அசோகபுரத்திலோ ஒரு நல்ல வீடு காலியாக இருப்பதை அறிந்த அன்பர்கள் சங்கத்தில் சொல்லி வைப்பார்களாக. பள்ளி அருகில் இருத்தல் வேண்டும். முதியவர் ஒருவர் உடன் வருவதால், ஒரு சிறு திண்ணையும் இருந்தால் நலம்.